வன்னியில் உணவை ஆராய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்கு, அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னாரின் பெருநிலப் பகுதி ஆகிய இடங்களுக்கு உணவு பற்றி ஆராய ஆண்டுதோறும் ஆட்கள் வருகிறார்கள். பல்கலைக்கழக மாணவர்கள், திணைக்கள உத்தியோகத்தர்கள், வெளிநாட்டு நிதியில் இயங்கும் அமைப்புகள் என்று பல தரப்பு. வினாக்கொத்தோடு படலையில் நிற்பவருக்கும், படலையைத் திறந்துவிட்டு "இதனால் எங்களுக்கு என்ன பயன்?" என்று கேட்பவருக்கும் சேர்த்தே கீழே உள்ள பதில்கள். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியின் உணவுச் சிக்கலில் பெரும்பகுதி அறுவடைக்குப் பிறகு தொடங்குகிறது. ஏக்கருக்கு எத்தனை மூடை என்பதோடு நிற்கும் ஆய்வு இங்கே அரைகுறை ஆய்வுதான்.

உணவுப் பாதுகாப்பு என்றால் எல்லோருக்கும் சோறு கிடைப்பதுதானே? அதில் ஆராய என்ன இருக்கிறது?

1996-ல் ரோமில் கூடிய உலக உணவு உச்சி மாநாடு தந்த வரையறையைத்தான் ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். எல்லா மக்களுக்கும், எல்லாக் காலத்திலும், நலமாக வாழப் போதுமான, கேடு தராத, சத்துள்ள உணவு எட்டும் நிலையில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதை நான்கு தூண்களாகப் பிரிப்பார்கள்: உணவு இருக்கிறதா, அதை வாங்கவோ பெறவோ முடிகிறதா, உண்டது உடம்பில் சேர்கிறதா, இந்த மூன்றும் ஆண்டு முழுவதும் நிலைக்கின்றனவா.

முதல் தூணில் வன்னிக்குப் பெரிய குறை இல்லை. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன், கட்டுக்கரை என்று குளங்களின் கீழ் வயல் விரிந்து கிடக்கிறது. ஆட்டம் காண்பது இரண்டாவது தூண். 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் 1981-ல் எடுத்துக்காட்டியதும் அதுவே: நாட்டில் அரிசி இருந்தபோதும், அதை வாங்கும் வலு கூலியாட்களிடமும் மீனவர்களிடமும் இல்லாமற் போனது. மூன்றாவது தூணைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிணற்று நீர் கெட்டு, பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றோட்டம் வந்தால், தட்டில் எதைப் போட்டாலும் உடம்பு தேறாது. நான்காவதற்கு 2018 டிசம்பர் வெள்ளம் ஒன்றே போதும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் விதைத்த வயல்களும் வீட்டுச் சாமான்களும் ஒன்றாக நீரில் போயின.

இவ்வளவு நெல் விளையும் மண்ணில் பசி எப்படி வரும்?

மாசி, பங்குனியில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் போய்ப் பாருங்கள். வீதியின் ஒரு பாதியில் வாகனம் ஓடும், மறு பாதியில் நெல் காயும். டயர் ஏறாமல் ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு ஒருவர் காலால் நெல்லைக் கிளறியபடி மேலும் கீழுமாக நடப்பார். மழை இருட்டிவிட்டால் வீடே ஓடி வந்து கூட்டி அள்ளும். நனைந்து மறுபடி காய்ந்த நெல்லின் உள்ளே வெடிப்பு விழும். ஆலையில் போட்டால் குறுநொய்தான் மிஞ்சும்.

அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும் நெல்லில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருப்பது வழக்கம். நெல் சந்தைப்படுத்தல் சபை எதிர்பார்ப்பது 14 சதவீதம். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காய வைத்தால் ஏறத்தாழ 91 கிலோ நிற்கும். போனதெல்லாம் தண்ணீர். ஆனால் அந்தத் தண்ணீரைப் போக்கத் தளம் வேண்டும், நல்ல வெயில் வேண்டும், இரவில் காவலுக்கு ஆள் வேண்டும். வங்கிக் கடன், அடகில் கிடக்கும் நகை, உரக்கடைப் பாக்கி, இயந்திரக் கூலி எல்லாம் ஒரே கிழமையில் வந்து நிற்கும்போது இவற்றுக்கு ஏது அவகாசம்? வயற்கரையிலேயே பச்சை நெல்லாக லொறியில் ஏற்றிவிடுகிறார்கள். வாங்குபவர் ஈரத்துக்கென்று மூடைக்கு இத்தனை கிலோ கழிப்பார். அது ஈரமானி காட்டிய கணக்கா, கண்மட்டக் கணக்கா என்று கேட்பாரில்லை. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் விற்பதால் விலையும் விழும். ஐப்பசி, கார்த்திகையில் அதே குடும்பம் கடையில் அரிசி வாங்கும். அப்போது விலை வேறு, அதுவும் பெரும்பாலும் கொப்பியில் எழுதும் கடன்.

முன்பு வீட்டோடு ஒரு கொம்பறை இருந்தது. தடி வரிந்து, மண்ணும் சாணமும் பூசி, நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய நெற்களஞ்சியம். ஆண்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் உரிய நெல்லைப் போட்டு மூடிய பிறகே மிச்சம் விலைக்குப் போகும். இடப்பெயர்வுகளில் வீட்டோடு கொம்பறையும் போயிற்று. மீள்குடியேறிய பிறகு கட்டிய வீட்டுத்திட்ட வீடுகளில் அறை இருக்கிறது, விறாந்தை இருக்கிறது, நெல் வைக்க இடம் விடப்படவில்லை. மூடைகளைப் படுக்கையறையில் அடுக்கி, எலியோடும் அந்துப்பூச்சியோடும் ஒன்றாகப் படுக்க யாருக்குத்தான் விருப்பம்? விற்றுவிடுவது சுலபம்.

எனவே, விளைச்சலைக் கேட்கும் வினாக்கொத்தில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: அறுவடையில் எத்தனை மூடை வீட்டில் நின்றது? அது எந்த மாதம் வரை போனது?

"கடந்த ஏழு நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று துருவிக் கேட்பது ஏன்?

அது உலக உணவுத் திட்டம் பயன்படுத்தும் உணவு நுகர்வுப் புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு உணவு வகையையும் கிழமையில் எத்தனை நாள் உண்டீர்கள் என்று எண்ணி, அதற்குரிய எடையால் பெருக்குவார்கள். சோறு, பான், கிழங்கு போன்ற மாவுணவுக்கு 2, பருப்பு, பயறு, கச்சானுக்கு (நிலக்கடலை) 3, மரக்கறிக்கும் பழத்துக்கும் 1, மீன், இறைச்சி, முட்டைக்கு 4, பாலுக்கு 4, சீனிக்கும் எண்ணெய்க்கும் அரை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சோறு ஏழு நாளும் (14), பருப்பு மூன்று நாள் (9), மரக்கறி ஐந்து நாள் (5), மீன் இரண்டு நாள் (8), பப்பாசி ஒரு நாள் (1), சீனியும் எண்ணெயும் நாள்தோறும் (தலா 3.5). கூட்டினால் 44. தேநீரில் கலக்கும் ஒரு கரண்டி பால்மா கணக்கில் வராது. இப்போது கடல் கொந்தளித்து அந்த இரண்டு நாளும் மீன் வரவில்லை என்று வையுங்கள். புள்ளி 36-க்கு இறங்கும்.

36 போதுமா? இங்கேதான் ஆய்வாளரின் முடிவு உள்ளே நுழைகிறது. பொதுவான எல்லையின்படி 35-க்கு மேல் இருந்தால் ஏற்கத்தக்க உணவு. சீனியும் எண்ணெயும் நாள்தோறும் உண்ணும் சமூகங்களுக்கு எல்லையை 42 ஆக உயர்த்த வேண்டும் என்பது இன்னொரு நடைமுறை. முதலாவதை எடுத்தால் இந்த வீடு தப்பிவிட்டது, இரண்டாவதை எடுத்தால் விளிம்பு நிலை. எந்த எல்லையை வைத்தார்கள் என்று சொல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

இதோடு சமாளிப்பு முறைகளையும் கேட்பார்கள். மலிவான உணவுக்கு மாறினீர்களா, கடன் வாங்கினீர்களா, அளவைக் குறைத்தீர்களா, வேளையைக் குறைத்தீர்களா, பிள்ளைகள் உண்ணட்டும் என்று பெரியவர்கள் விட்டுக்கொடுத்தீர்களா என்று ஐந்து கேள்விகள். கடைசியாகச் சொன்னதற்கே கூடுதல் எடை. அதை வீட்டுத் தலைவரிடம் கேட்டுப் பயனில்லை. அடுப்படியில் நிற்பவரிடம், தனியாகக் கேட்க வேண்டும்.

2022 பொருளாதார நெருக்கடியில் வன்னி எவ்வளவு பாதிக்கப்பட்டது?

நாடளாவிய கணக்கு இது. உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து 2022-ல் செய்த மதிப்பீட்டில் ஏறத்தாழ 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பு இல்லாதவர்கள். 2023 மதிப்பீட்டில் அது 39 இலட்சமாக, அதாவது மக்கள்தொகையில் 17 சதவீதமாக இறங்கியது. இந்த எண்களை அப்படியே கொண்டுவந்து ஒரு கிராமத்தின் மேல் ஒட்டுவது பிழை.

வன்னியில் அடி இரண்டு பக்கமாக விழுந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கியது. இடையில் வந்த காலபோகம் (மாரி மழையோடு தொடங்கும் நெற்பருவம்) உரமின்றித் தொடங்கியது. அடுத்து வந்த எரிபொருள் தட்டுப்பாட்டில் உழவு இயந்திரமும் நீரிறைக்கும் பம்பும் மீன்பிடி வள்ளமும் ஒன்றாக நின்றன. கையில் நெல் இருந்த வீடு கொஞ்சம் தாக்குப்பிடித்தது. அன்றாடக் கூலியில் வாழ்ந்த வீடு உடனே சரிந்தது. விவசாயக் கிராமம் என்று ஒரே பெயரில் இரண்டையும் சேர்த்து எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

பதில் சொன்னால் நிவாரணம் கிடைக்குமா? சொல்லாவிட்டால் பெயரை வெட்டுவார்களா?

இரண்டும் இல்லை. கல்வி ஆய்வுக்கும் நிவாரணப் பட்டியலுக்கும் தொடர்பு கிடையாது. பதில் சொல்ல மறுக்கலாம், பாதியில் நிறுத்தலாம், ஒரு கேள்வியைத் தாண்டலாம். ஆய்வாளர் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்ட வேண்டும். உங்கள் பெயர் அறிக்கையில் வரக்கூடாது. பல்கலைக்கழக ஆய்வென்றால் அறநெறிக் குழுவின் அனுமதியைப் பெற்றார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் சனத்தின் பயத்தையும் விளங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை பதிவு, எத்தனை படிவம்! 2023-ல் அரசின் சமுர்த்தி உதவித் திட்டத்துக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது, வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிய விவரங்களை வைத்தே யாருக்குக் கொடுப்பனவு என்பது முடிவாயிற்று. அதற்குப் பிறகு "வீட்டில் எத்தனை கோழி?" என்று யார் கேட்டாலும் பதில் யோசித்தே வரும். கிராம அலுவலரை அருகில் இருத்திக்கொண்டு கேட்டால் இன்னும் மோசம். "பதிவெடுக்கவா வந்திருக்கிறீர்கள், பிள்ளை?" என்று ஒரு அம்மா கேட்டால், அந்தக் கேள்விக்கு முதலில் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். பேட்டியின் தரம் அங்கேயே தீர்மானிக்கப்படுகிறது.

உணவு இழப்பும் உணவு விரயமும் ஒன்றா?

இல்லை. வயலிலிருந்து கடைக்கு வரும் வழியில் போவது இழப்பு. கடையிலும் உணவகத்திலும் வீட்டிலும் போவது விரயம். முதலாவது உலகளவில் ஏறத்தாழ 14 சதவீதம் என்று உணவு விவசாய அமைப்பு 2019-ல் கணக்கிட்டது. இரண்டாவதை ஐ.நா. சுற்றாடல் திட்டம் 2024-ல் வெளியிட்டது. 2022-ல் உலகில் 105 கோடி தொன் வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில்.

வன்னி வீடுகளில் இதை அளக்கப் போனால் கொஞ்சம் சிரிப்பு வரும். மிஞ்சிய சோறு நாய்க்கு, மரக்கறித் தோல் மாட்டுக்கு, சிந்தியது கோழிக்கு. ஐ.நா. கணக்கில் கால்நடைத் தீவனமாகப் போவது விரயத்தில் சேராது. ஆகவே இங்கே குப்பை வாளியை நிறுக்கும் ஆய்வை விட, கத்தரிக்காயையும் பயற்றங்காயையும் பொலித்தீன் சாக்கில் திணித்துச் சந்தைக்கு ஏற்றுவதைப் பின்தொடரும் ஆய்வு பயனுள்ளது. அடிச்சாக்கில் இருப்பது நசிந்து, வியர்த்து, தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய்ச் சேரும்போது கறுத்திருக்கும். பிளாஸ்டிக் கூடையைக் கட்டாயமாக்க அரசு முயன்றபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள். காரணம் இருக்கிறது: கூடை லொறியில் கூடுதல் இடத்தை அடைக்கிறது, வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அந்தச் செலவு யார் தலையில்?

இலங்கையில் பழம், மரக்கறியில் 30 முதல் 40 சதவீதம் அழிகிறது என்ற எண்ணை எல்லா ஆய்வேடுகளும் முன்னுரையில் எழுதுகின்றன. எந்தப் பயிர், எந்தச் சந்தை, எப்படி அளந்தார்கள் என்று ஒருவர் கேட்டு, பரந்தனுக்கும் தம்புள்ளைக்கும் இடையில் ஒரு சாக்கையாவது நிறுத்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

அறுவடையில் சிந்தும் நெல்லை எப்படி அளப்பது?

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் தடியால் ஒரு சட்டம் கட்டுங்கள். இயந்திரம் போன தடத்தில் குருட்டாக எறிந்து, விழுந்த இடத்தில் சிந்திக் கிடக்கும் மணிகளைப் பொறுக்கி எண்ணுங்கள். வயலுக்கு ஒன்று போதாது. வரம்போரம், நடு, இயந்திரம் திரும்பும் மூலை என்று பல இடங்கள் வேண்டும். வெட்டுவதற்கு முன்பே உதிர்ந்தவற்றை அருகில் வெட்டாத பகுதியில் எண்ணிக் கழித்துவிடுங்கள்.

ஒரு சதுர மீட்டரில் 400 மணி என்று வந்தால்? ஆயிரம் மணி 22 கிராம் என்று வைத்தால் 400 மணி 8.8 கிராம். ஏக்கரில் 4,047 சதுர மீட்டர். ஏக்கருக்கு ஏறத்தாழ 36 கிலோ, ஒன்றரைப் புசலுக்கு மேல் (ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ). கமக்காரரிடம் சதவீதத்தைச் சொல்லாதீர்கள், புசலைச் சொல்லுங்கள். அடுத்த முறை இயந்திரக்காரரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்வார். மணிக்கணக்கில் கூலி பேசியிருந்தால் சொல்ல மாட்டார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குரங்கும் மயிலும் தின்பது எந்தக் கணக்கில் சேரும்?

அறுவடைக்கு முந்திய சேதம் என்பதால் மேற்சொன்ன எந்தக் கணக்கிலும் சேராது. கச்சான் தோட்டம் வைத்திருப்பவருக்கு அது ஆறுதலான பதில் அல்ல என்று தெரியும். 2025 மார்ச் 15 காலை நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கு, மயில், மரஅணில் எண்ணினார்கள். எண்ணிக்கை ஒரு தொடக்கம். சேதத்தை மதிப்பிட வேண்டுமானால் ஒரு போகம் முழுவதும் தோட்டத்தில் நின்று பதிவு செய்ய வேண்டும், காவலிருந்த இரவுகளையும் கூலியாகக் கணக்கிட வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த கச்சானை வறுத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. வன்னியில் உணவுச் சுகாதாரம் படிக்க விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை என்பது என் எண்ணம்.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு இலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடியபோது தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றது. அதில் வளர்ந்த அஸ்பர்ஜிலஸ் பிளேவஸ் என்ற பூஞ்சணம் சுரந்த நஞ்சுக்கு அஃப்லடொக்சின் என்று பெயர். ஈரலில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட பொருட்களின் பட்டியலில் இன்று அது இருக்கிறது. வறுத்தால் ஓரளவு குறையும், முற்றாக அழியாது. மேலும் பதப்படுத்தப் போகும் நிலக்கடலைக்குச் சர்வதேச உணவு நியமம் வைத்த எல்லை கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். கண்ணுக்கும் நாக்குக்கும் அகப்படாத அளவு.

நஞ்சு எங்கே நுழைகிறது? காய் முற்றும் காலத்தில் மண் வறண்டு, கோது வெடித்து, பிடுங்கும் நேரத்தில் மழை பிடித்தால் வயலிலேயே நுழையும். பிடுங்கியதைக் குவியலாக விட்டால் களத்தில் நுழையும். வண்டு துளைத்தால் சாக்கில் நுழையும். செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, காய் காற்றில் படும்படி உலர்த்தி, குலுக்கினால் உள்ளே பருப்பு சலசலக்கும் வரை காய வைப்பது நம் ஆட்களுக்குப் பழக்கமான வேலைதான். உடைந்தது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி விலக்கினால் நஞ்சின் பெரும்பகுதி விலகிவிடும்.

விலக்கியது எங்கே போகிறது? இதைத்தான் ஆராய வேண்டும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரிசையாகக் கச்சான் கடை போடுபவர் நல்ல பருப்பைத்தான் வறுப்பார், வாடிக்கையாளர் கண்முன் நிற்கிறார். கழிவு எண்ணெய்க்கோ, இடித்த மாவுக்கோ, மாட்டுத் தீவனத்துக்கோ போகக்கூடும். கறவை மாடு அந்த நஞ்சை உண்டால் அதன் ஒரு பகுதி வேறு வடிவில் பாலில் இறங்கும். ஒன்றையும் வீணாக்காதே என்ற நல்ல பழக்கமும் நஞ்சைச் சாப்பாட்டுக்குள் விடாதே என்ற விதியும் இங்கே நேருக்கு நேர் மோதுகின்றன. விரயத்தைத் தனியாகவும் சுகாதாரத்தைத் தனியாகவும் ஆராய்பவர்கள் இதைக் காண மாட்டார்கள்.

மாதிரி எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. நஞ்சு சாக்கு முழுவதும் பரவியிருக்காது. சில பருப்புகளில் குவிந்திருக்கும். கைப்பிடி அள்ளிச் சோதித்துச் சுத்தம் என்று எழுதிவிட முடியாது. சாக்கின் பல இடங்களில் எடுத்து, அரைத்து, கலந்து சோதிக்க வேண்டும்.

பழஞ்சோறு உடம்புக்குக் கூடாது என்கிறார்கள். உண்மையா?

எப்படி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சமைத்த சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் தப்பியிருக்கலாம். கொதிநீர் அவற்றைக் கொல்லாது. பெரிய பானையில் மூடி வைத்த சோறு மெல்ல ஆறும்போது வித்தி முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கல்யாண வீட்டில் மத்தியானம் வடித்த சோற்றை இரவில் வறுத்துப் பரிமாறி, சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்தில் வாந்தியெடுப்பது இதனால்தான்.

ஆறிய சோற்றில் நல்ல தண்ணீர் ஊற்றி இரவு வைத்தால் நடப்பது வேறு. இலக்டிக் அமில பக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பு ஏறும். புளிப்பு ஏற ஏறக் கெட்ட கிருமிகளின் வளர்ச்சி அடங்கும். சுத்தமான தண்ணீர், சுத்தமான பாத்திரம், ஒரு இரவு, அதற்கு மேல் வேண்டாம். வெங்காயமும் மோரும் உங்கள் விருப்பம்.

கோயில் அன்னதானத்தில் மிஞ்சுவதைப் பகிர்வதற்கும் இதே நியாயம்தான். 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கும்போதே பிரித்துக் கொடுங்கள். மாலைவரை கிடாரத்தில் வைத்திருந்து கொடுப்பது கொடை ஆகாது. உணவு நஞ்சானதாகச் சந்தேகம் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 1980-ஆம் ஆண்டின் 26-ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி மாதிரி எடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து உடம்பு கடிப்பது ஒவ்வாமையா?

பல வேளை அது ஹிஸ்டமின் நஞ்சு. சூரை, கும்பளா போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் தசையில் பக்டீரியா இதை உண்டாக்கும். சமைத்தாலும் கருவாடாக்கினாலும் போகாது. முல்லைத்தீவுக் கரையில் பிடித்த மீன் சைக்கிள் பெட்டியிலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் உள்ளூர்க் கிராமங்களுக்குப் போகிறது. அந்தப் பெட்டியில் ஐஸ் எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று ஒரு வெப்பமானியோடு பின்னால் போனாலே நல்ல இளமாணி ஆய்வு கிடைக்கும்.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சிறுநீரக நோய் வராதா?

கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும். தண்ணீரில் கரைந்த புளோரைட்டைப் போக்க உதவாது, கடினத்தன்மை தரும் உப்புகளிலும் ஒரு பகுதியைத்தான் போக்கும். 1990-களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்ட, காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் இருக்கிறது. தண்ணீர், வெப்பத்தில் கடும் வேலை, விவசாய நஞ்சு, பார உலோகம் என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. ஒன்றையே குற்றவாளி என்று அடித்துச் சொல்பவரிடம் கவனமாக இருங்கள், குறிப்பாக அவர் வடிகட்டி விற்பவராக இருந்தால்.

நான் விவசாய பீட மாணவி. 384 வீடுகள் எடுக்கச் சொல்கிறார்கள். சரியா?

95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை என்று சூத்திரத்தில் போட்டால் 384 வரும். அதனால்தான் அந்த எண் எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிறது. அது எளிய எழுமாற்று மாதிரிக்கு, அதாவது முழுப் பட்டியலிலிருந்து குலுக்கல் போல வீடுகளைத் தெரியும் முறைக்கு உரியது. நீங்கள் பத்துக் கிராமத்தைத் தெரிந்து ஒவ்வொன்றிலும் வீடுகளை எடுத்தால், ஒரே கிராமத்து வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், ஆகவே கூடுதல் வீடுகள் தேவைப்படும். ஒரு நாளில் அவசரமாக இருபது வீடு முடிப்பதை விட, குறைந்த வீடுகளை எடுத்து அறுவடையிலிருந்து அடுத்த அறுவடை வரை மாதம் ஒருமுறை போவதை நான் விரும்புவேன். மேற்பார்வையாளரிடம் அதை நியாயப்படுத்த வேண்டியது உங்கள் பொறுப்பு.

அறிவியல்நகரில் இருக்கும் விவசாய பீடம், பரந்தன் நெல் ஆராய்ச்சி நிலையம், உங்கள் ஊர்க் கமநல சேவை நிலையம், மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிவரக் கைந்நூல் ஆகியவற்றில் தொடங்குங்கள். மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லை இன்னும் விதைப்பவர் யாராவது இருந்தால் அவரிடமும் போங்கள்.

போர்க்காலப் பட்டினியைப் பற்றிக் கேட்கலாமா?

கேட்பதற்கு உறுதியான காரணம் இருந்தால் மட்டும். 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். அதன் பின் 2009 மே வரை இந்த மக்கள் எதைத் தின்று இருந்தார்கள் என்பது ஆவணப்படுத்தப்பட வேண்டிய வரலாறு. ஒவ்வொரு மே மாதமும் கஞ்சி காய்ச்சி வழங்கப்படுகிறது, நினைவு உயிரோடு இருக்கிறது. ஆனால் உணவு நுகர்வுப் புள்ளி எடுக்கும் வினாக்கொத்தின் கடைசியில் இதையும் ஒரு கேள்வியாகச் செருகக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அதைக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு எழுந்து போக முடியாது. உளவளத்துணையாளர் ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டு, நேரம் ஒதுக்கி, தனி ஆய்வாகச் செய்ய வேண்டும்.

முடிவுகள் எங்களிடம் வருமா?

பெரும்பாலும் வருவதில்லை. ஆங்கிலத்தில் எழுதி, நூலகத்தில் அடுக்கி, பட்டத்தோடு போய்விடுகிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போதே கேளுங்கள்: தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம், பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம், எந்த மாதத்துக்குள்? காலபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர் அமைப்புகள் நீர் விடும் திகதியையும் விதைப்புத் திகதியையும் தீர்மானிக்கின்றன. உலர்த்தும் தளம் பற்றியோ ஈரமானி பற்றியோ ஒரு முடிவு இருந்தால் அது அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும். ஆறு மாதம் பிந்தினால் இன்னொரு போகத்து நெல் பச்சையாகவே லொறியில் ஏறியிருக்கும்.

களவேலையை எந்த மாதத்தில் வைத்துக்கொள்வது?

குறைந்தது இரண்டு முறை. பங்குனி, சித்திரையில் மட்டும் போனால் பல வீடுகளில் நெல் இருக்கும், புள்ளிகள் அழகாக வரும், வன்னியில் பிரச்சினை இல்லை என்று எழுதிவிடுவீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி அதே வீடுகளுக்குப் போங்கள். மழையில் உட்கிராமப் பாதைகள் சேறாகும், பஸ் வராது, ஆட்கள் விதைப்பிலும் கூலி வேலையிலும் இருப்பார்கள். அதனால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு போவது நல்லது. குடையோடு, வினாக்கொத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.